பரணில் இருப்பது யாருடையது?

(திருவொற்றியூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்க் கடலோரத்தில் பட்டினத்தடிகள் சமாதி இருக்கிறது. சின்னக் கோயில். உள்ளே ஒரு லிங்கம். வெளியே வந்து எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்தால், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்குகிற கரை இது. பெரிய கப்பல் வணிகராக வாழ்ந்த ஒருவர், தன் சரக்கு முழுவதையும் பிறருக்கு விட்டுவிட்டு, கடைசியில் வந்து அமர்ந்ததும் இதே கரையில்தான்.

இன்று அவரைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. திருநீறு வாங்க வருகிற தாய்மார்கள் பிள்ளை படிப்பைச் சொல்வார்கள், பெண் கல்யாணத்தைச் சொல்வார்கள். அதற்கு அடுத்தபடியாகத் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொல்கிறார்கள். "சாமி, வூட்டை ஒழுங்கா வச்சுக்கவே முடியலை. பரண் மேல எடமில்லை, கட்டிலுக்கு அடியில எடமில்லை. எடுத்துப் போடலாம்னு உக்காந்தா கை வரமாட்டேங்குது. என்ன பண்றது?"

இது சின்ன விஷயமல்ல. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் நம்முடைய வீடுகள் எப்படிப்பட்டவை? ஒரு கூடம், ஒரு சமையலறை. வாரியக் குடியிருப்பு என்றால் அதுவும் நெருக்கம். அதற்குள் கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் அண்டா, மொய்யோடு வந்த சுவர்க்கடிகாரங்கள், அரசாங்கம் கொடுத்து இப்போது ஓடாமல் நிற்கிற பெட்டி டிவி, கை உடைந்த நாற்காலி, பெரிய பிள்ளை அஞ்சாம் வகுப்பில் படித்த புத்தகம், கணவருடைய அறுந்துபோன வலை. "தினமும் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து தியானம் செய்யுங்கள்" என்று நான் சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கே உட்காருவது? உட்கார இடமில்லாத வீட்டில் மனதுக்கு மட்டும் எப்படி இடம் கிடைக்கும்?

ஆகையால் பரணைப் பற்றிப் பேசுவதும் பக்தியைப் பற்றிப் பேசுவதுதான்.

சேந்தனார் திறந்த கதவு

பட்டினத்தார் கதை உங்களுக்குத் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்தில் திருவெண்காடர் என்கிற பெருவணிகர். மரக்கலம் விட்டு வாணிகம் செய்தவர். பிள்ளையில்லாக் குறைக்கு மருதவாணன் என்கிற மகனை எடுத்து வளர்த்தார். அந்தப் பிள்ளை கடல் கடந்து போய்த் திரும்பி வந்தபோது கொண்டுவந்த மூட்டைகளில் இருந்தது வறட்டி. தந்தைக்குக் கோபம் வந்தது. பிள்ளை ஒரு பேழையைத் தாயிடம் கொடுத்துவிட்டு மறைந்துபோனான். பேழைக்குள் காது ஒடிந்த ஓர் ஊசி, ஓர் ஓலை நறுக்கு. இறுதிப் பயணத்தில் எதுவும் உடன் வராது என்று உணர்த்த வந்த நறுக்கு அது. அந்த நொடியில் வணிகர் துறவியானார்.

கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறோம். ஊசி நம் மனதில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவ்வளவு செல்வத்தை என்ன செய்தார்? வாசலில் கடல் இருந்தது, அதில் கொட்டவில்லை. தீ வைத்துக் கொளுத்தவில்லை. பூட்டிவிட்டுச் சாவியோடு கிளம்பவும் இல்லை. தம் கணக்கப்பிள்ளையான சேந்தனாரை அழைத்து, கருவூலத்தைத் திறந்துவிடச் சொன்னார். வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்றார். தானியம் பசித்தவனிடம் போயிற்று. துணி குளிரில் கிடந்தவனிடம் போயிற்று. ஒவ்வொரு பொருளும் அது எந்தக் கைக்கு வேண்டுமோ அந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

உறவினர்கள் சும்மா இருக்கவில்லை. அரசனிடம் முறையிட்டார்கள். சேந்தனார் சிறைக்குப் போனார். பட்டினத்தார் வேண்டிக்கொண்ட பிறகே வெளியே வந்தார். தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். பூட்டின கதவைத் திறந்தால் வீட்டில் எதிர்ப்பு வரும். "அது எங்க அம்மா கொடுத்தது", "நாளைக்கு ஆகும்", "என்னைக் கேக்காம எப்படி எடுத்தே" என்று குரல் எழும். சேந்தனாருக்கே வந்தது. அதற்காகக் கதவைத் திறக்காமல் இருந்துவிடக் கூடாது.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வீட்டை ஒழிப்பது, பொருளை வெறுப்பதல்ல. பரணில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "நீ யாருடையவன்?" என்று கேட்பது. அது என் கைக்கு உரியதென்றால், என் கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். வேறொரு கைக்கு உரியதென்றால், அங்கே போய்ச் சேரட்டும்.

ஒரு திருவோடு, ஒரு முடிச்சு

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கும் பட்டினத்தார் வாழ்க்கையிலேயே இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன.

முதல் நிகழ்ச்சி திருவிடைமருதூரில். உச்சயினியை ஆண்ட பத்திரகிரியார் நாட்டைத் துறந்து பட்டினத்தாருக்குச் சீடராகி வந்திருந்தார். குரு ஒரு கோபுர வாசலில், சீடர் மறு கோபுர வாசலில். சீடரிடம் பிச்சை வாங்க ஒரு திருவோடு இருந்தது. பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நாயும் இருந்தது. ஒரு நாள் இறைவனே ஏழை வடிவில் வந்து பட்டினத்தாரிடம் பிச்சை கேட்டார். "என்னிடம் ஒன்றும் இல்லை, அந்த வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேள்" என்றார் அவர். சேதி போய்ச் சேர்ந்ததும் பத்திரகிரியார் துடித்துப் போனார். ஒரு நாட்டையே விட்டு வந்தவரை, ஓர் ஓடு குடும்பஸ்தனாக்கிவிட்டதே!

இரண்டாம் நிகழ்ச்சி, பட்டினத்தாரும் அவர் தாயாரும். மகன் துறவியாய்ப் புறப்பட்டபோது தாய் கேட்டது ஒன்றுதான்: என் கடைசிக் காரியத்துக்கு நீ வர வேண்டும். தாய் தன் கையால் ஒரு சிறு துணிப் பையை முடிந்து மகன் இடுப்பில் கட்டினாள். இது தானாக அவிழ்கிற நாளில் நான் இல்லை என்று தெரிந்துகொள் என்றாள். கோவணத்துக்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று போனவர், அந்த முடிச்சை மட்டும் சுமந்தார். ஊர் ஊராகச் சுமந்தார். அது அவிழ்ந்த நாளில் ஓடி வந்தார். பச்சை வாழைமட்டையை அடுக்கி, தம் பாடலாலேயே தீ மூட்டித் தாய்க்குக் கடன் செய்தார்.

சீடரிடம் இருந்தது ஓர் ஓடு. குருவிடம் இருந்தது ஒரு முடிச்சு. திருவோட்டைப் பற்று என்று சொன்ன அதே குரு, முடிச்சை அவிழ்த்து எறியவில்லை. ஏன்? நாளைக்குச் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்கிற நினைப்பு ஓட்டில் இருந்தது. தாய்க்குக் கொடுத்த வாக்கு முடிச்சில் இருந்தது. பொருள் சிறியதா பெரியதா என்பதை அவர் பார்க்கவில்லை. அது நம்மிடம் எதனால் இருக்கிறது என்பதைப் பார்த்தார்.

உங்கள் வீட்டில் பாதிச் சாமான் எதனால் இருக்கிறது? பயத்தால். "நாளைக்கு ஆகும்." இல்லாமையில் வளர்ந்த தலைமுறை நாம். ஒரு டப்பா, ஒரு கயிறு, ஒரு பழைய பலகை கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில் நம் அம்மாக்கள் சேர்த்து வைத்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் குணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த வறுமை கழிந்த பிறகும் அந்தப் பயம் வீட்டில் வாடகை இல்லாமல் தங்கியிருக்கிறது. அதற்கு விடை கொடுக்க வேண்டும்.

அன்பால் வைத்திருக்கிற பொருளுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். அம்மா இறந்துபோனாள், அவளுடைய முப்பது புடவைகள் பெட்டியில் இருக்கின்றன. முப்பதையும் தூக்கிப் போடு என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஒன்றை வைத்துக்கொள். அவள் விரும்பிக் கட்டியதாக இருக்கட்டும். மற்றவற்றை, அவள் உயிரோடிருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பாளோ அவர்களுக்குக் கொடு. பட்டினத்தாருக்கு ஒரு முடிச்சு போதுமானதாக இருந்தது. தாயின் மீதான அன்பு அதனால் குறைந்துவிட்டதா?

மணலியில் ஐந்து ஆண்டுகள்

துறைமுகத்தில் வேலை செய்கிற தம்பிமார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். டெமரேஜ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு இறங்கியபின் சில நாள் சும்மா வைத்திருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் பணம். நாள் ஏற ஏற விகிதமும் ஏறும். சில நேரம் சரக்கின் மதிப்பைவிட டெமரேஜ் அதிகமாகிவிடும். வீட்டில் சும்மா கிடக்கிற சாமானுக்கும் நாம் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறோம். தேடுகிற நேரமாகக் கட்டுகிறோம், தூசியாகக் கட்டுகிறோம், எரிச்சலில் கணவன் மனைவிக்குள் வருகிற வார்த்தையாகக் கட்டுகிறோம்.

முடிவெடுக்காமல் ஒரு பொருளை வைத்திருந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் பகுதியே கண்ணால் பார்த்தது. 2015-இல் பறிமுதல் செய்யப்பட்ட அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், 37 கண்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் இருந்தது. ஒரு வருடமல்ல, ஐந்து வருடம். பக்கத்தில் ஜனங்கள் சமைத்தார்கள், தூங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி, லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் பல வருடமாகக் கிடந்த 2,750 டன் அதே பொருள் வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தச் செய்தி வந்த பிறகுதான் நம் ஊரிலும் பதற்றம் பிறந்தது. ஐந்து வருடம் நகராதது சில வாரங்களில் ஏலத்தில் போய் ஐதராபாத்துக்கு லாரி ஏறியது.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது. அந்தச் சரக்கு உரத்துக்கு ஆகும், சுரங்கத்துக்கு ஆகும். பயன்படுகிற கையில் அது பொருள். யாருடைய கையிலும் இல்லாமல் கிடந்ததால்தான் ஆபத்து. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்ட முடிவுகள்தான் பரண் மேல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இறக்கி வைக்க வேண்டியது அந்த முடிவுகளை.

வெளியே எறிந்தால் எங்கே போகும்?

சரி, முடிவெடுத்தாயிற்று. எடுத்து எங்கே போடுவது?

போகி வருகிறது. பழையன கழிய வேண்டும் என்று விடியற்காலையில் தெருவில் தீ மூட்டுகிறோம். வறட்டியும் ஓலையும் பழம்பாயும் எரித்த காலத்தில் அது சடங்கு. இன்று டயரும் ரப்பரும் பிளாஸ்டிக் பாயும் எரிகின்றன. 2018 போகியன்று எழுந்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஆலைப் புகையையும் நிலக்கரிச் சாம்பலையும் ஏற்கெனவே சுவாசிக்கிற எண்ணூர்க் குழந்தையின் நெஞ்சில், நம் பழைய மெத்தையின் புகையையும் சேர்க்கலாமா? எரிப்பது துறவல்ல. என் வீட்டு அழுக்கை ஊர்ப் பிள்ளைகளின் மூச்சுக்கு மாற்றி வைப்பது அது.

எரிக்கவில்லை, குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டேன் என்றால்? நகரத்தின் மற்ற பகுதிக்காரர்கள் குப்பை மறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கொடுங்கையூர் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 250 ஏக்கருக்கும் மேல் பரந்த குப்பை மலை. பல பத்தாண்டுகளாகக் குவிந்தது சுமார் 66 லட்சம் டன் என்று மாநகராட்சி கணக்கிட்டு, பயோமைனிங் என்கிற முறையில் அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறது. நம் அடுப்படியில் பிரிக்காததை, கோடிக்கணக்கில் பணம் செலவழித்து அங்கே பிரிக்கிறார்கள். வெளியே என்று ஓர் இடம் கிடையாது அன்பர்களே. நாம் எறிகிற ஒவ்வொன்றும் இன்னொருவர் வாசலில் போய் விழுகிறது. வடசென்னைக்கு இது தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பட்டினத்தார் வழி நமக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. கை தேடிக் கொடு. இரும்பும் பித்தளையும் காயலான் கடைக்கு. புத்தகமும் பேப்பரும் பழைய பேப்பர் கடைக்கு. படிக்கிற நிலையில் இருந்தால் அடுத்த வகுப்புக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. ஓடாத டிவி, செத்துப்போன செல்போன், பேட்டரி இவற்றைத் தெருக் குப்பையில் கலக்காமல் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம். துணியைத் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடு. கிழிந்ததைத் தானம் என்று நீட்டாதே. அது கரித்துணிக்கு ஆகட்டும். வாங்குகிற கைக்கு மரியாதை இருக்க வேண்டும். அண்டா வேண்டுமா? தெருவில் விசேஷம் வந்தால் எல்லாரும் எடுத்துப் புழங்க, ஒரு தெருவுக்கு இரண்டு அண்டா போதாதா? வீட்டுக்கு வீடு பரணில் ஏன் ஒன்று?

ஆலையில் செய்கிறோம், வீட்டில்?

மணலியிலும் எண்ணூரிலும் இந்த ஊரிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர்களைக் கேட்கிறேன். உங்கள் ஷாப் ஃப்ளோரில் ஃபைவ் எஸ் பலகை மாட்டியிருக்கிறதா, இல்லையா? ஜப்பானியர்கள் வகுத்த முறை. வேண்டியதையும் வேண்டாததையும் பிரி. வேண்டியதற்கு ஓர் இடம் கொடு. துடைத்துச் சுத்தம் செய். இதையே முறையாக்கு. விடாமல் கடைப்பிடி. ஸ்பானரை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் சூப்பர்வைசர் கேட்பார். அதே மனிதர் வீட்டுக்கு வந்ததும் சாவியை எங்கோ வைக்கிறார், சட்டையை எங்கோ போடுகிறார். பிரிப்பதும் துடைப்பதும் தேடித் தருவதும் மனைவியின் தலையில். இது தர்மமல்ல. வீட்டுச் சாமான் எல்லாருடையதும் என்றால், ஒழுங்கும் எல்லாருடையதும்.

ஆலையில் ரெட் டேக் என்று ஒன்று கட்டுவீர்கள். வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி, தேதி எழுதி, தனியே வைப்பீர்கள். கெடு முடிவதற்குள் யாரும் தேடி வராவிட்டால் வெளியே போகும். வீட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கை வராத பொருளோடு சண்டை போடாதீர்கள். ஒரு பையில் போட்டுத் தேதி எழுதிக் கட்டுங்கள். அடுத்த ஆயுத பூஜை வரை ஒருவரும் பையைத் திறக்கவில்லை என்றால், அந்தப் பொருள் தன் முடிவைத் தானே சொல்லிவிட்டது.

இழந்ததும் விட்டதும்

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் மட்டும் வரவில்லை, எண்ணெயும் வந்தது. சுவரில் கரிய கோடு விழுந்தது. எண்ணூர் முகத்துவாரக் குப்பங்களில் படகும் வலையும் எண்ணெய் அப்பிப் பாழாயின. வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை ஒரே இரவில் வாசலில் அள்ளிக் கொட்டிய குடும்பங்கள் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. அவர்களிடம் யாராவது வந்து, "எதுவும் நிலையில்லை, பற்றை விடுங்கள்" என்று உபதேசம் செய்தால், அது ஆன்மீகமல்ல, கல்நெஞ்சம். பறிபோவது வேறு, விடுவது வேறு. பட்டினத்தாரின் கருவூலத்தை யாரும் கொள்ளையடிக்கவில்லை, அவரே திறந்தார். இழந்தவருக்குச் சொல்ல வேண்டியது வேதாந்தமல்ல. கொடுக்க வேண்டியது அடுப்பும் பாயும்.

அதனால்தான் நம்மிடம் மிஞ்சியிருப்பது இருளில் கிடக்கக் கூடாது என்கிறேன். உங்கள் பரணில் பயன்படாமல் இருக்கிற ஸ்டவ், வெள்ளம் பாய்ந்த வீட்டுக்காரிக்கு அன்றிரவு தேவைப்பட்டது. வெள்ளம் நமக்கும் ஒரு வேலையைக் கற்றுத் தந்தது. ரேஷன் அட்டை, ஆதார், பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டு, ஒரே கையால் எடுத்துக்கொண்டு ஓடுகிற இடத்தில் வையுங்கள். இன்றிரவே செய்யுங்கள். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும்.

மூன்று நாள்

இந்தத் தலத்தின் நாயனார் கலியர். செக்கு வைத்து எண்ணெய் வணிகம் செய்தவர். ஒற்றியூர்க் கோயில் முழுவதும் விளக்கேற்றினார். செல்வம் குறைந்தபோது கூலிக்குச் செக்காட்டினார். வீட்டுப் பொருள்களை விற்றார். ஒன்றும் இல்லாதபோது தன் குருதியையே வார்க்கத் துணிந்தார். அந்த அளவுக்கு நம்மால் போக முடியாது, போகவும் வேண்டாம். ஆனால் அவர் வீட்டில் எந்தப் பொருளும் எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததில்லை. எல்லாம் விளக்குக்காக. உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும். பிள்ளை உட்கார்ந்து படிக்கிற இடமா, வயதான அப்பா கால் நீட்டிப் படுக்கிற இடமா, விளக்கேற்றுகிற மாடமா? அந்த ஓரிடத்தைத் தீர்மானியுங்கள். அதற்கு இடைஞ்சலாக இருக்கிற சாமானை முதலில் எடுங்கள்.

நம் ஆதிபுரீஸ்வரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து தரிசனம் தருகிறார். எத்தனை ஊரிலிருந்து ஜனங்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள்! அந்த மூன்று நாளையே நம் வீட்டுக்கும் வைத்துக்கொள்வோம். முதல் நாள் பரண். இரண்டாம் நாள் பீரோ. மூன்றாம் நாள் சமையலறை. குடும்பம் முழுக்க உட்காரட்டும். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, இது யாருடையது என்று கேட்கட்டும். பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள். கொடுத்துப் பழகிய கை பிற்காலத்தில் குவிக்காது. போகியில் எரிப்பதற்கு வீட்டில் ஒன்றும் மிச்சமில்லாதபடி, கார்த்திகையிலேயே எல்லாம் உரியவர் கைக்குப் போய்விடட்டும்.

பட்டினத்தடிகளின் குருவருளும், ஒற்றியூர் அப்பனும் வடிவுடை அம்மையும் உங்கள் இல்லத்தில் துணைநிற்கட்டும். வேண்டியது கைக்கு எட்டட்டும். வேண்டாதது வேண்டியவரைச் சேரட்டும். திருச்சிற்றம்பலம்.